‘குட் இன்’ ஏன் ‘குட் அட்’ ஆகிறது? ஆங்கிலப் பெயரடைக்குப் பின்னால் சரியான ப்ரெபொசிஷனைப் போட ஒரு முழு வழிகாட்டி

வேலைக்கு அனுப்பப்போகும் கடிதத்தைப் பார்த்துத் தரச் சொல்லி எங்கள் தெருத் தம்பி ஒருவன் கைபேசியில் அனுப்பியிருந்தான். பி.காம். முடித்தவன், கணக்கு வேலையில் நல்ல கை. ஐந்தே வாக்கியம். எழுத்துப் பிழை இல்லை, காலம் சரியாக இருந்தது, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் ஐந்து வாக்கியத்திலும் ஒரே மாதிரி இடத்தில் தடுக்கியிருந்தான். ‘இன்ட்ரஸ்டட் ஃபார் திஸ் போஸ்ட்’ என்று தொடங்கியிருந்தான். அப்புறம் ‘குட் இன் அக்கவுன்ட்ஸ்’, ‘ஃபெமிலியர் இன் டேலி’, ‘அவேர் அபவுட் ஜிஎஸ்டி ரூல்ஸ்’, கடைசியில் ‘கேப்பபிள் டு ஹேண்டில்’.

திருத்திய வடிவம் இது: ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘குட் அட்’, ‘ஃபெமிலியர் வித்’, ‘அவேர் ஆஃப்’, ‘கேப்பபிள் ஆஃப் ஹேண்டிலிங்’. ஐந்து பெயரடைக்கு நான்கு விதமான ப்ரெபொசிஷன். “இதற்கெல்லாம் ஏதாவது விதி இருக்கிறதா அண்ணா, இல்லை மனப்பாடம்தானா?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலை விரித்துத்தான் இங்கே எழுதுகிறேன். முழுக்க விதியும் இல்லை, முழுக்க மனப்பாடமும் இல்லை. தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு பலம் உண்டு, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: இந்தத் தொல்லை நம் மொழியிலும் இருக்கிறது

பள்ளியில் முன்னிடைச்சொல் என்று படித்த ப்ரெபொசிஷன் செய்கிற வேலையைத் தமிழில் வேற்றுமை உருபும் சொல்லுருபும் செய்கின்றன. ஆங்கிலத்தில் அது பெயருக்கு முன்னால் நிற்கும், நமக்குப் பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். எந்தச் சொல்லுக்கு எந்த உருபு என்பது நம்மிடமும் வழக்கம்தான். ‘உன் மேல் கோபம்’ என்கிறோம். ‘உன்னோடு கோபம்’ என்று சொன்னால் தமிழ் புதிதாகப் படிப்பவர் என்று தெரிந்துவிடும். ஏன் ‘மேல்’ என்று அவர் கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது. கோபம் ‘மேல்’ என்பதைக் கூட்டிக்கொண்டு வரும், அவ்வளவுதான்.

பயத்தைப் பாருங்கள். ‘நாய்க்குப் பயம்’ என்றால் நாயைக் கண்டு பயமா, நாயே பயப்படுகிறதா என்று இரண்டு பொருள் வரும். அச்சச் சொல்லுக்கு எந்த வேற்றுமை என்பது இன்று நேற்று எழுந்த கேள்வியில்லை. தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்ற பகுதியில் அச்சக் கிளவிக்கென்றே ஒரு நூற்பா இருக்கிறது. அஞ்சுதலைக் குறிக்கும் சொல் ஐந்தாம் வேற்றுமையையும் ஏற்கும், இரண்டாம் வேற்றுமையையும் ஏற்கும் என்கிறது அது. ‘பழியின் அஞ்சும்’ என்றும் சொல்லலாம், ‘பழியை அஞ்சும்’ என்றும் சொல்லலாம் என்று உரையாசிரியர்கள் காட்டுவார்கள். இன்றைக்கு நாம் நான்காம் வேற்றுமை போட்டு ‘பழிக்கு அஞ்சி’ என்கிறோம். இந்த ‘பழியின் அஞ்சும்’ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதல் படி: பெயரடையையும் அதன் துணையான ப்ரெபொசிஷனையும் ஒரே சொல்லாகப் படியுங்கள்

‘அஃப்ரெய்டு என்றால் பயம்’ என்று படித்தால் பாதிதான் படித்ததாக ஆகும். ‘அஃப்ரெய்டு ஆஃப்’ என்றே வாயில் வரவேண்டும். ‘ப்ரவுட் ஆஃப்’, ‘ஃபாண்ட் ஆஃப்’, ‘மேரீட் டு’, ‘ஃபேமஸ் ஃபார்’, ‘சாட்டிஸ்ஃபைடு வித்’ எல்லாமே அப்படித்தான். நடுவில் இடைவெளி விட்டு எழுதினாலும் காதுக்கு அவை ஒற்றைச் சொல்.

பொருளை மட்டும் வைத்து ஊகித்தால் ஏன் மாட்டிக்கொள்வோம் என்பதற்கு இரண்டு உதாரணம். ‘ஃபுல்’, ‘ஃபில்டு’ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள், நிறைந்தது. ஆனால் ‘ஃபுல் ஆஃப் வாட்டர்’, ‘ஃபில்டு வித் வாட்டர்’. இன்னொன்று, நாம் ‘பிடிக்கும்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிற விஷயம். ஆங்கிலத்தில் ‘ஃபாண்ட் ஆஃப் மியூசிக்’, ‘கீன் ஆன் மியூசிக்’, ‘இன்ட்ரஸ்டட் இன் மியூசிக்’, ‘க்ரேசி அபவுட் மியூசிக்’ என்று நான்கு பெயரடை, நான்கு துணை. இசை அதே இசை, ரசிப்பவரும் அதே ஆள். ஆகவே ப்ரெபொசிஷனை முடிவு செய்வது பின்னால் வரும் பெயர்ச்சொல் என்பதைவிட, முன்னால் நிற்கும் பெயரடைதான்.

இரண்டாம் படி: எந்தத் தமிழ் உருபு உங்களை இழுக்கிறது என்று பாருங்கள்

தமிழர் செய்யும் பிழைகள் கண்டபடி வருவதில்லை. பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு தமிழ் உருபு நிற்கிறது. தம்பியின் கடிதத்திலேயே அது தெரிகிறது. ‘கணக்கில் கெட்டிக்காரன்’ என்ற ‘இல்’ நேராக ‘இன்’ ஆகிவிட்டது. ‘விதிகளைப் பற்றித் தெரியும்’ என்ற ‘பற்றி’ அப்படியே ‘அபவுட்’ ஆகிவிட்டது. உங்கள் பிழை எந்த உருபிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

‘இல்’ என்பதை எடுத்துக்கொள்வோம். இசையில் ஆர்வம் என்பது ‘இன்ட்ரஸ்டட் இன் மியூசிக்’, இங்கே உருபும் ப்ரெபொசிஷனும் ஒத்துப்போகின்றன. ஆனால் திறமையைச் சொல்லும் பெயரடைகள் ‘அட்’டைத்தான் கேட்கும்: ‘குட் அட்’, ‘பேட் அட்’, ‘ப்ரில்லியன்ட் அட்’, ‘டெரிபிள் அட்’. ‘வீக்’ என்ற சொல்லோ ‘வீக் இன்’, ‘வீக் அட்’ இரண்டையும் ஏற்கும். அதனால்தான் ‘வீக் இன் மேத்ஸ்’ என்று சொல்லிப் பழகியவர்கள் ‘குட் இன் மேத்ஸ்’ என்றும் சொல்லிவிடுகிறார்கள். ‘குட் இன் மேத்ஸ்’ நம் ஊர் ஆங்கிலத்தில் சர்வ சாதாரணம், பேச்சில் யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் எந்த நாட்டில், எந்தத் தேர்வில் எழுதினாலும் கேள்வி எழாத வடிவம் ‘குட் அட்’. அதையே பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ‘மேல்’. அவன் மேல் கோபம், அவள் மேல் பொறாமை. ‘மேல்’ என்றால் ‘ஆன்’ என்று மனம் ஓடும், ‘ஆங்ரி ஆன் மீ’ வந்துவிடும். ஆங்கிலத்தில் கோபம் ஆள் மேல் ஏறி உட்காராது. ‘ஆங்ரி வித் மீ’ என்று சொல்லுங்கள், ‘ஆங்ரி அட் மீ’ என்பதும் உண்டு. பொறாமை ‘ஜெலஸ் ஆஃப்’. நம் ‘மேல்’ எதுவும் ‘ஆன்’ ஆகாது என்று வைத்துக்கொண்டாலே பெரும்பாலும் தப்பித்துவிடலாம். ‘ஆன்’ வருகிற பெயரடைகள் கொஞ்சம்தான்: ‘கீன் ஆன்’, ‘டிபென்டன்ட் ஆன்’, ‘பேஸ்டு ஆன்’. இவற்றில் ஏதோ ஒன்றைத் தாங்கிப் பிடிக்கிற, ஒன்றின் மீது சாய்கிற எண்ணம் இருக்கிறது.

‘பற்றி’ எல்லா இடத்திலும் ‘அபவுட்’ ஆகிவிடாது. கவலை, உற்சாகம் போன்றவற்றுக்கு ஆகும்: ‘வொரீட் அபவுட்’, ‘எக்சைட்டட் அபவுட்’. அறிந்திருத்தலுக்கு ஆகாது: ‘அவேர் ஆஃப்’, ‘கான்ஷியஸ் ஆஃப்’. ‘ஷூர்’, ‘சர்ட்டன்’ என்ற சொற்கள் ‘ஆஃப்’, ‘அபவுட்’ இரண்டையும் ஏற்கும்.

‘கு’ உருபுதான் எல்லாவற்றிலும் பெரிய வலை. ‘வகுப்புக்கு வரவில்லை’ என்பதை ‘ஆப்சென்ட் ஃபார் க்ளாஸ்’ என்று எழுதுவார்கள், அது ‘ஆப்சென்ட் ஃப்ரம் க்ளாஸ்’. ‘இதற்கு நான் பொறுப்பு’ என்றால் ‘ரெஸ்பான்சிபிள் ஃபார் திஸ்’. அதே ‘கு’ போட்டு ‘மேலதிகாரிக்கு நான் பொறுப்பு’ என்றால் ‘ரெஸ்பான்சிபிள் டு த மேனேஜர்’. வேலைக்கு ‘ஃபார்’, பதில் சொல்ல வேண்டிய ஆளுக்கு ‘டு’. நேர்முகத் தேர்வில் இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும். திருநெல்வேலி அல்வாவுக்குப் பெயர்போனது என்றால் ‘ஃபேமஸ் ஃபார் ஹல்வா’. தகுதி, பொருத்தம், தயார் நிலை எல்லாம் ‘ஃபார்’ பக்கம்: ‘எலிஜிபிள் ஃபார்’, ‘சூட்டபிள் ஃபார்’, ‘ரெடி ஃபார்’.

‘விட’ என்றால் ‘தேன்’ என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ‘என்னை விட சீனியர்’ என்பது ‘சீனியர் டு மீ’. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரயர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்த சொற்கள். அவற்றின் வாலில் இருக்கும் ‘ஐ-ஓ-ஆர்’ எழுத்துகளே லத்தீனில் ஒப்பீட்டுக் குறி, ‘அதிகமாக’ என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதனால் இவற்றோடு ‘தேன்’ சேராது, முன்னால் ‘மோர்’ போடுவதும் தப்பு. ‘ப்ரெஃபரபிள்’ என்ற சொல்லும் ‘டு’வைத்தான் கேட்கும். வங்கித் தேர்விலும் எஸ்எஸ்சி தேர்விலும் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதிக்குத் தயார் செய்பவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது நன்றாகப் படித்துவிடுங்கள்.

‘மாதிரி’ என்று பேசுவதால் ‘சேம் லைக்’ என்று சொல்லிவிடுகிறோம். ‘சேம் ஆஸ்’ என்பதே சரி. ஒத்தது என்றால் ‘சிமிலர் டு’, வேறுபட்டது என்றால் ‘டிஃபரன்ட் ஃப்ரம்’. அமெரிக்கர்கள் ‘டிஃபரன்ட் தேன்’ என்றும், பிரிட்டனில் பேச்சில் ‘டிஃபரன்ட் டு’ என்றும் சொல்வதைக் கேட்கலாம். இரண்டு பக்கமும் ஏற்றுக்கொள்வது ‘ஃப்ரம்’. நம் ‘இதிலிருந்து வேறுபட்டது’ என்ற தொடரோடும் அது ஒத்துப்போகிறது.

கல்யாணப் பேச்சுக்கு ஒரு வரி. ‘அவரோடு கல்யாணம்’ என்பதால் ‘மேரீட் வித்’ என்பார்கள். ஆங்கிலத்தில் ‘மேரீட் டு’.

மூன்றாம் படி: பின்னால் வருவது ஆளா, பொருளா, செயலா?

சில பெயரடைகளுக்கு ஒரு துணை போதாது. யாரைச் சொல்கிறோம், எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத் துணை மாறும். இந்தப் படியில்தான் மொழி அழகாகத் திறக்கிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கோபம் ஆளிடம் என்றால் ‘வித்’, நடந்த சங்கதியைக் குறித்து என்றால் ‘அபவுட்’. ‘ஆங்ரி வித் த ட்ரைவர் அபவுட் த டிலே’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வைக்கலாம்: தாமதத்தைக் குறித்து ஓட்டுநரிடம் கோபம்.

மகிழ்ச்சிக்கு மூன்று முகம். தேர்வு முடிவு திருப்தி என்றால் ‘ஹேப்பி வித் த ரிசல்ட்’. ஒரு செய்தியைக் கேட்டு சந்தோஷம் என்றால் ‘ஹேப்பி அபவுட் த நியூஸ்’. தோழிக்கு வேலை கிடைத்ததில் உங்களுக்கு மகிழ்ச்சி என்றால் ‘ஹேப்பி ஃபார் ஹெர்’. இந்தக் கடைசி ‘ஃபார்’ ஒருவருக்காக மனம் படும் பாட்டைச் சொல்கிறது. ‘சாரி’யிலும் அதைப் பார்க்கலாம். ‘ஐ ஃபீல் சாரி ஃபார் ஹிம்’ என்றால் அவரைப் பார்த்து இரக்கப்படுகிறேன் என்று பொருள், அவரிடம் மன்னிப்புக் கேட்பதாகாது. நடந்ததற்கு வருத்தம் தெரிவிக்க ‘சாரி அபவுட் த டிலே’ என்று எழுதுங்கள்.

‘டயர்ட்’ என்ற சொல்லில் பலர் தெரியாமலே ஒருவரைப் புண்படுத்திவிடுகிறார்கள். ‘டயர்ட் ஃப்ரம் வொர்க்’ என்றால் வேலை செய்து களைத்துவிட்டேன். ‘டயர்ட் ஆஃப் வொர்க்’ என்றால் வேலையே சலித்துவிட்டது. அலுவலகத்தில் உடல் அசதியைச் சொல்லப்போய் ‘ஆஃப்’ போட்டுவிட்டால், மேலாளர் நீங்கள் வேலையை விடப்போவதாக நினைத்துக்கொள்வார்.

நடத்தையைச் சொல்லும் பெயரடைகளில் நம் ‘இடம்’ உருபு ‘டு’ ஆகும். என்னிடம் அன்பாக இருந்தார், ‘கைண்ட் டு மீ’. மரியாதைக் குறைவாக நடந்தார், ‘ரூட் டு மீ’. ‘பொலைட் டு’, ‘க்ரூவல் டு’ எல்லாம் இதே வழி. ஆனால் ஒருவரைக் கையாளும் விதத்தைச் சொன்னால் ‘வித்’: பிள்ளைகளிடம் கண்டிப்பு ‘ஸ்ட்ரிக்ட் வித்’, பொறுமை ‘பேஷன்ட் வித்’, ஒளிவுமறைவின்மை ‘ஆனஸ்ட் வித்’. ஒருவர் செய்த நல்ல காரியத்தைப் பாராட்டும்போது ‘ஆஃப்’ வரும். ‘தட்ஸ் வெரி கைண்ட் ஆஃப் யூ’ என்பது ‘இப்படிச் செய்தது உங்கள் நல்ல மனசு’ என்பதற்குச் சமம். நன்றிக் கடிதத்தில் இந்த ஒரு தொடர் பத்து ‘தேங்க் யூ’வுக்கு ஈடு.

‘குட்’ என்ற எளிய சொல்லே இந்தப் படிக்கு முழு உதாரணம். ‘குட் அட் செஸ்’, சதுரங்கத்தில் திறமை. ‘குட் வித் சில்ட்ரன்’, பிள்ளைகளோடு நன்றாகப் பழகத் தெரிந்தவர். ‘குட் டு ஹிஸ் மதர்’, அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர். ‘குட் ஃபார் த ஐஸ்’, கண்ணுக்கு நல்லது. எண்களைச் சட்டென்று கையாள்கிறவரை ‘குட் வித் நம்பர்ஸ்’ என்பார்கள். தம்பியின் கடிதத்தில் ‘குட் அட் அக்கவுன்ட்ஸ்’ என்பதோடு இதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

நான்காம் படி: துணைச்சொல்லின் பழைய பொருளைப் பிடியுங்கள்

முதலில் சொன்ன ‘பழியின் அஞ்சும்’ இப்போது உதவிக்கு வருகிறது. ஆங்கிலத்தில் ஒரு எஃப் உள்ள ‘ஆஃப்’, விளக்கை அணைக்கும்போது சொல்கிற இரண்டு எஃப் உள்ள ‘ஆஃப்’, இரண்டும் ஒரு காலத்தில் ஒரே சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘அங்கிருந்து, விலகி’ என்ற பொருள் உண்டு. அதாவது நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருள். அந்தக் கண்ணோடு பார்த்தால் ‘ஃப்ரீ ஆஃப்’, ‘இன்டிபென்டன்ட் ஆஃப்’, ‘டயர்ட் ஆஃப்’, ‘ஷார்ட் ஆஃப்’ எல்லாவற்றிலும் ஒரு விலகல் தெரியும். ‘டிபென்டன்ட் ஆன்’ என்று சாய்ந்திருந்தவர் விலகி எழுந்ததும் ‘இன்டிபென்டன்ட் ஆஃப்’ ஆகிறார். ‘அஃப்ரெய்டு ஆஃப்’ என்பதிலும் அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை ‘ஆஃப்’ காட்டுகிறது. தொல்காப்பியம் ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களைச் சொல்லும் இடத்திலும் அச்சத்தைச் சேர்த்திருக்கிறது. ‘பழியின் அஞ்சும்’ என்பதும் ‘அஃப்ரெய்டு ஆஃப்’ என்பதும் ஒரே எண்ணத்தின் இரண்டு வடிவங்களாக எனக்குத் தோன்றிய நாளிலிருந்து இந்தத் தொடரில் நான் தடுமாறியதே இல்லை.

லத்தீன் வழியாக வந்த நீளச் சொற்களுக்கு இன்னொரு சாவி இருக்கிறது. சொல்லின் தலையைப் பாருங்கள். ‘கான்’, ‘காம்’ என்று தொடங்கும் முன்னொட்டுக்கு லத்தீனில் ‘சேர்ந்து’ என்று பொருள். அதனால் ‘கம்பேட்டிபிள் வித்’, ‘கன்சிஸ்டன்ட் வித்’, ‘கன்வர்சன்ட் வித்’. ‘ஏ-டி’ என்று எழுதும் ‘அட்’ முன்னொட்டுக்கு ‘நோக்கி’ என்று பொருள். அதனால் ‘அடிக்டட் டு’, ‘அட்ஜேசன்ட் டு’, ‘அக்கஸ்டம்டு டு’. விலகலைச் சொல்லும் ‘ஆப்’, ‘டிஸ்’, ‘எக்ஸ்’ முன்னொட்டுகள் ‘ஃப்ரம்’ பக்கம் போகும்: ‘ஆப்சென்ட் ஃப்ரம்’, ‘டிஸ்டிங்ட் ஃப்ரம்’, ‘எக்செம்ப்ட் ஃப்ரம்’. ‘கான்ஷியஸ் ஆஃப்’, ‘கான்ஃபிடன்ட் ஆஃப்’ போல இதற்கு அடங்காத சொற்களும் உண்டு. ஆகவே இதை நினைவுக்கு உதவும் கொக்கியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

‘எட்’ என்று முடியும் பெயரடைகளுக்கு ‘பை’ போட ஆசை வரும், நம் ‘ஆல்’ உருபு அங்கே இழுக்கும். ‘சர்ப்ரைஸ்டு பை’, ‘ஷாக்டு பை’ என்று சிலவற்றில் அது சரிதான், ‘அட்’டும் சரி. ஆனால் ‘போர்டு வித்’, ‘சாட்டிஸ்ஃபைடு வித்’ என்றே பழகுங்கள்.

‘நோன்’ என்ற சொல் தனிக் கதை. எல்லாருக்கும் தெரிந்தவர் ‘நோன் டு எவ்ரிவன்’, பேச்சுக்குப் பெயர்பெற்றவர் ‘நோன் ஃபார் ஹிஸ் ஸ்பீச்சஸ்’, இந்தப் பெயரால் அறியப்படுபவர் ‘நோன் ஆஸ்’.

ஐந்தாம் படி: பின்னால் வினை வந்தால் ‘இங்’ சேருங்கள்

ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் அது ‘இங்’ வடிவத்தில் வரும். ‘குட் அட் சிங்கிங்’, ‘டயர்ட் ஆஃப் வெயிட்டிங்’, ‘கேப்பபிள் ஆஃப் ஹேண்டிலிங்’. இதில் பெரிய குழப்பம் ‘டு’. ‘டு கோ’, ‘டு ஈட்’ என்று வினைக்கு முன்னால் வரும் ‘டு’ வேறு, ப்ரெபொசிஷனாக வரும் ‘டு’ வேறு. ‘யூஸ்டு டு’வில் இரண்டும் மோதிக்கொள்கின்றன. ‘ஐ யூஸ்டு டு கெட் அப் ஏர்லி’ என்றால் முன்பெல்லாம் சீக்கிரம் எழுவேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் ஏர்லி’ என்றால் சீக்கிரம் எழுவது எனக்குப் பழகிவிட்டது. முன்னால் ‘ஆம்’ இருந்தால் பின்னால் ‘இங்’. ‘அக்கஸ்டம்டு டு’, ‘கமிட்டட் டு’, ‘அப்போஸ்டு டு’ மூன்றுக்கும் இதே வழிதான்.

எந்த ‘டு’ என்று சந்தேகம் வந்தால் அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘ஐ ஆம் யூஸ்டு டு நாய்ஸ்’ என்று இயல்பாக வந்தால் அது ப்ரெபொசிஷன், வினைக்கு ‘இங்’ வேண்டும். ‘ஏபிள் டு நாய்ஸ்’ என்று சொல்ல முடியாது, ஆகவே ‘ஏபிள் டு ஹேண்டில்’. தம்பி ‘கேப்பபிள் டு ஹேண்டில்’ என்று எழுதியது ‘ஏபிள் டு’ என்ற தொடரின் சாயலில்தான்.

இன்னொன்று. ‘தட்’ போட்டு முழு வாக்கியமே பின்னால் வந்தால் ப்ரெபொசிஷன் விழுந்துவிடும். ‘அவேர் ஆஃப் த ப்ராப்ளம்’, ஆனால் ‘அவேர் தட் தேர் இஸ் எ ப்ராப்ளம்’. ‘அவேர் ஆஃப் தட் தேர் இஸ்’ என்று இரண்டையும் சேர்க்கக் கூடாது.

ஆறாம் படி: சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது?

சாதாரண ஆங்கிலம்-தமிழ் அகராதியில் இது கிடைக்காது, பொருள் மட்டும்தான் இருக்கும். கற்பவர்களுக்கென்றே தொகுத்த அகராதி வேண்டும். இந்த வகை அகராதி பிறந்த கதை நமக்கு ஊக்கம் தரக்கூடியது. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924 முதல் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். தாய்மொழிக்காரர்கள் யோசிக்காமலே பயன்படுத்தும் தொடரமைப்புகளில்தான் வெளியிலிருந்து வருபவர் தடுமாறுகிறார் என்பது அங்கே உழைத்த ஆசிரியர்களுக்குத் தெரிந்திருந்தது. ஹார்ன்பியும் இரண்டு சகாக்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளியானது. அதையே 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் மறுபடி வெளியிட்டது. இன்று மாணவர்கள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் மூலம் அதுதான். நம்மைப் போல் வெளியிலிருந்து ஆங்கிலத்துக்கு வருபவருக்காகவே செய்த கருவி அது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயரடையைத் தேடினால் பொருளுக்குப் பக்கத்திலேயோ உதாரண வாக்கியங்களிலேயோ அதன் துணைச்சொல் இருக்கும். பொருளைப் படித்துவிட்டு மூடாமல் அந்த உதாரணங்களையும் படியுங்கள்.

இரண்டு வடிவத்தில் எது வழக்கம் என்று ஒப்பிட கூகுளின் என்கிராம் வியூவர் உதவும். 2010இல் வந்தது, அச்சான புத்தகங்களில் ஒரு தொடர் எத்தனை அடிக்கடி வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும். இரண்டு தொடரையும் நடுவில் காற்புள்ளி வைத்துக் கொடுத்தால் போதும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். ‘மேரீட் வித்’ என்று தேடினாலும் புத்தகங்களில் கிடைக்கும், ஏனென்றால் ‘மேரீட் வித் டூ சில்ட்ரன்’ என்பது சரியான ஆங்கிலம். கல்யாணமானவர், இரண்டு பிள்ளைகள் உண்டு என்று பொருள். ‘குட் இன்’ என்று தேடினால் ‘நீலத்தில் அழகாக இருக்கிறாய்’ என்ற பொருளில் ‘யூ லுக் குட் இன் ப்ளூ’ எல்லாம் வந்து சேரும். தொடரை முழு வாக்கியத்தோடு பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

ஏழாம் படி: நோட்டுப் புத்தகம்

அச்சடித்த நீளப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டேன். நூறு சொல்லை ஒரே மூச்சில் படித்தால் எல்லாம் கலந்துவிடும். நீங்கள் நிஜமாகத் தப்பு செய்த தொடரை மட்டும் எழுதுங்கள். ஒரு பக்கத்தில் உங்களை இழுத்த தமிழ்த் தொடர், எதிர்ப் பக்கத்தில் சரியான ஆங்கிலம், அதன் கீழ் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். ‘ப்ரவுட் ஆஃப்’ என்பதற்கு அகராதி வாக்கியம் வேண்டாம், உங்கள் தங்கையையோ மகனையோ பற்றி எழுதுங்கள். வாரம் ஐந்து போதும். எழுதியதை வாய்விட்டு மூன்று முறை சொல்லுங்கள், இது காதில் உட்கார வேண்டிய விஷயம்.

இப்போது ஏழு வாக்கியம் தருகிறேன். விடையைப் பார்க்குமுன் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

1. அந்த டாக்டர் நோயாளிகளிடம் கனிவாக இருப்பார்.
2. என் தங்கைக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது.
3. இரவில் வேலை செய்வது எனக்குப் பழகிவிட்டது.
4. உங்கள் முடிவில் எனக்குத் திருப்தி இல்லை.
5. அவன் எனக்கு இரண்டு வருஷம் சீனியர்.
6. இந்தச் சார்ஜர் என் போனுக்கு ஒத்துவராது.
7. அவள் தனியாக மலையேறப் போயிருக்கிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலாவதில் ‘கைண்ட் டு’, நடத்தையைச் சொல்கிறது. இரண்டாவது ‘அலர்ஜிக் டு’. மூன்றாவது ‘ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங்’, ‘வொர்க்’ என்று நிறுத்தியவர்கள் ஐந்தாம் படியை மறுபடி பாருங்கள். நான்காவதில் நம் ‘இல்’ உங்களை ‘இன்’ பக்கம் இழுத்திருக்கும், அது ‘சாட்டிஸ்ஃபைடு வித்’. ஐந்தாவது ‘சீனியர் டு மீ பை டூ இயர்ஸ்’. ஆறாவதில் ‘காம்’ முன்னொட்டு கைகொடுக்கும், ‘கம்பேட்டிபிள் வித்’. ஏழாவதில் ‘அஃப்ரெய்டு ஆஃப் ஹெர்’ என்று சொல்லியிருந்தால், அவளைக் கண்டாலே உங்களுக்கு நடுக்கம் என்று ஆகிவிடும். அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பதைப்பு அது. ‘ஹேப்பி ஃபார் ஹெர்’ என்பதில் பார்த்த அதே ‘ஃபார்’ இங்கும் வரவேண்டும்: ‘ஐ ஆம் அஃப்ரெய்டு ஃபார் ஹெர்’.